வாடகை உதவியை வெட்டினார்கள், கவுன்சில் தலையில் விடிந்தது

2013 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிட்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வீடுகளிலும் வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளிலும் குடியிருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வாடகை உதவி குறைந்தது. வீட்டில் தேவைக்கு மேல் படுக்கையறை இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஓர் அறை கூடுதல் என்றால் வாடகையில் 14 விழுக்காடும், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25 விழுக்காடும் உதவிக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். 6.6 லட்சம் பேர் பாதிக்கப்படுவார்கள், சராசரியாக வாரம் 14 பவுண்டு இழப்பார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. அரசுத் தாள்களில் இதன் பெயர் 'கூடுதல் அறை மானிய நீக்கம்'. ஊரில் எல்லோரும் சொன்ன பெயர் 'பெட்ரூம் டாக்ஸ்'. சட்டப்படி இது வரி கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

வாரம் 14 பவுண்டு என்று கேட்டால் சின்னத் தொகை போலத் தெரியும். அப்போது 25 வயதைத் தாண்டிய ஒற்றை ஆளுக்கு வேலையில்லா உதவி வாரம் 71 பவுண்டு 70 பென்ஸ். ஒரு கணக்குக்காக, பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட ஒரு பெண் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறார், வாடகை 80 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை கூடுதல். 25 விழுக்காடு வெட்டினால் 20 பவுண்டை அவரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மிச்சம் 51 பவுண்டு 70 பென்ஸ். சாப்பாடு, கரண்ட், கேஸ், பஸ் எல்லாம் அதற்குள்.

இந்த வெட்டு யாருக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று தேடிப் போனால் கணக்கு நேராக முடிவதில்லை. நிதி அமைச்சகத்தின் ஏட்டில் குறைந்த தொகை, குடியிருப்பவரின் நிலுவைக் கணக்கிலும், கவுன்சிலின் வாடகை ஏட்டிலும், கடைசியில் வீடற்றோருக்கான செலவிலும் வேறு வேறு பெயரில் திரும்பி வருகிறது. சில இடங்களில் போன தொகையைவிடப் பெரிதாகவே வருகிறது.

கொஞ்சம் பின்னால் போனால்தான் இது புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தந்தது பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்கள், அதாவது கவுன்சில்கள். அரசுப் பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போனது. வாடகை குறைவாக இருந்தது. மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்ததும் இது தலைகீழானது. 1980-இல் வந்த சட்டம், கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை கொடுத்தது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறிவிட்டன. விற்றதற்கு ஈடாகப் புதிதாகக் கட்டப்பட்டவை சொற்பம். வாடகை ஏறியது. ஏறிய வாடகையைக் கட்ட முடியாதவர்களுக்கு ஆள் பார்த்துப் பணம் கொடுக்கும் ஹவுசிங் பெனிபிட் என்ற திட்டம் 1982-83-இல் நாடு முழுக்க வந்தது. கட்டடத்துக்குக் கொடுத்த மானியம் ஆளுக்குக் கொடுக்கும் மானியமாக மாறியது.

இது தெரியாமல் நடந்துவிட்ட காரியம் என்று சொல்ல முடியாது. சந்தை வாடகையைக் கட்ட முடியாதவர்களின் சுமையை ஹவுசிங் பெனிபிட் தாங்கிக்கொள்ளும் என்று 1991-இல் வீட்டுவசதி அமைச்சராக இருந்த சர் ஜார்ஜ் யங் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். தாங்கவும் செய்தது. ஆனால் தாங்கும் பணம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2010 ஜூனில் அவசர பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பத்தாண்டுக்கு முன் 14 பில்லியன் பவுண்டாக இருந்த ஹவுசிங் பெனிபிட் செலவு 21 பில்லியனாகிவிட்டது என்று சுட்டிக்காட்டினார். வீடு கட்டாமல் விட்ட முப்பது ஆண்டுகளின் பில் அது. அந்த பில்லைக் குறைக்க வீடு கட்டுவது ஒரு வழி, உதவியை வெட்டுவது இன்னொரு வழி. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்ரூம் டாக்ஸின் தர்க்கத்தைக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் குடும்பங்கள், இன்னொரு பக்கம் காலி அறைகள். தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்து உதவி பெறுபவருக்கு 2008 முதலே குடும்ப அளவைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். சமூக வீட்டில், அதாவது கவுன்சில் வீட்டிலோ வீட்டுவசதிச் சங்க வீட்டிலோ, இருப்பவருக்கு மட்டும் ஏன் சலுகை? கன்சர்வேடிவ் கட்சி இந்தக் கேள்வியை விடாமல் கேட்டது. நெருக்கடியில் வாழும் குடும்பங்கள் உண்மையில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒன்றை விட்டுவிட்டார்கள். 2008 விதி புதிதாக உதவி கேட்டு வந்தவர்களுக்குத்தான் பொருந்தியது. அவர்கள் விதியைப் பார்த்து அதற்கேற்ற வீட்டைத் தேடலாம். 2013 விதியோ, பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள் மேல், கவுன்சிலே ஒதுக்கிக் கொடுத்த வீட்டுக்காக, பின்னோக்கிப் பாய்ந்தது.

விதிகளும் கறார். 16 வயதுக்குட்பட்ட இரண்டு ஆண் பிள்ளைகள், அல்லது இரண்டு பெண் பிள்ளைகள், ஓர் அறையைப் பகிர வேண்டும். 10 வயதுக்குட்பட்டால் அண்ணனும் தங்கையும்கூடப் பகிர வேண்டும். விவாகரத்தான தகப்பனிடம் வார இறுதியில் வந்து தங்கும் பிள்ளைக்கு அறை கிடையாது. வளர்ப்புப் பெற்றோருக்கும், ராணுவத்தில் சேர்ந்து பணிக்காக வெளியே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் கடைசி நேரத்தில், 2013 மார்ச்சில், விலக்கு கிடைத்தது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு முழு விலக்கு. இதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. கூடுதல் அறை உள்ள சமூக வீடுகளில் பெருமளவு இருப்பவர்கள் வயதானவர்கள். வீட்டை விடுவிப்பதுதான் நோக்கம் என்றால் அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். வாக்குச்சாவடிக்குத் தவறாமல் போகும் கூட்டமும் அவர்கள்தான் என்பதை இங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

சரி, சின்ன வீட்டுக்கு மாறிவிடலாமே? பலர் மாறத் தயாராகவே இருந்தார்கள். மாறுவதற்கு வீடு இல்லை. போருக்குப் பிந்தைய கவுன்சில்கள் கட்டியது குடும்பங்களுக்கான வீடு, பெரும்பாலும் மூன்று அறை வீடு. வடக்கு இங்கிலாந்தில் வேலைகள் போய் ஆள்தொகை குறைந்த ஊர்களில் அந்த வீடுகளுக்குக் குடும்பங்கள் கிடைக்காமல், காலியாகக் கிடப்பதைவிட மேல் என்று தம்பதிகளுக்கும் தனியாட்களுக்கும் கவுன்சில்களே கொடுத்தன. அடுக்குமாடிக் கோபுரங்களில் குழந்தைகளைக் குடியேற்ற வேண்டாம் என்று இரண்டு அறை ஃபிளாட்டைத் தனியாளுக்குக் கொடுத்த கவுன்சில்களும் உண்டு. ஒரு காலத்தில் புத்திசாலித்தனமான ஒதுக்கீடு. பிறகு அதே ஒதுக்கீட்டுக்குக் குடியிருப்பவருக்கு அபராதம்.

அரசுக்காக இப்சோஸ் மோரி என்ற கருத்தாய்வு நிறுவனமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் செய்த மதிப்பீட்டின் இடைக்கால அறிக்கை 2014 ஜூலையில் வந்தது. முதல் ஆறு மாதத்தில் பாதிக்கப்பட்டவர்களில் 4.5 விழுக்காட்டினர் மட்டுமே சமூக வீட்டுக்குள்ளேயே சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார்கள். தனியார் வீட்டுக்குப் போனவர்கள் 1.4 விழுக்காடு. வாடகை நிலுவையில் விழுந்தவர்கள் 59 விழுக்காடு. மற்றவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால், சாப்பாட்டிலும் வீட்டைச் சூடாக்கும் செலவிலும் கைவைத்தவர்கள், சொந்தபந்தங்களிடம் கடன் வாங்கியவர்கள் என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லின.

இன்னொரு முடிச்சும் உண்டு. மூன்று அறை கவுன்சில் வீட்டை விட்டு ஒருவர் தனியார் ஒரு அறை ஃபிளாட்டுக்குப் போனால், பல ஊர்களில் அந்த ஃபிளாட்டின் வாடகை கவுன்சில் வீட்டைவிட அதிகம். அப்போது அரசு கொடுக்கும் உதவியும் அதிகமாகும். சமூக வீட்டுக்குள்ளேயே மாறினாலும், அவர் விட்ட பெரிய வீட்டுக்கு வரும் குடும்பமும் உதவி பெறும் குடும்பம் என்றால் மொத்தச் செலவு பெரிதாகக் குறையாது. அப்படியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி பவுண்டு சேமிப்பு எங்கிருந்து வர வேண்டும்? மாறாமல் அதே வீட்டில் இருந்து வெட்டைத் தாங்குபவர்களிடமிருந்துதான். வீட்டை விடுவிப்பது, பணத்தை மிச்சப்படுத்துவது என்ற இரண்டு வாக்குறுதிகளில் ஒன்று நிறைவேற வேண்டுமானால் மற்றது பொய்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் பக்கம் வந்தால் கதை இன்னும் கசப்பு. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கிறார் என்று அரசின் மதிப்பீட்டிலேயே இருந்தது. முதுகுத்தண்டுக் குறைபாட்டால் கணவருடன் ஒரே கட்டிலில் படுக்க முடியாத பெண்ணின் இரண்டாவது அறையும், கடுமையாக நோயுற்ற பேரனை இரவில் பார்த்துக்கொள்ள வரும் பராமரிப்பாளர் தங்கும் அறையும் 'கூடுதல் அறை' என்று கணக்கானது. இந்த இரண்டு குடும்பங்களும் உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 நவம்பரில் வென்றன. அதே தீர்ப்பில் இன்னொரு பெண் தோற்றார். வன்முறை செய்த முன்னாள் துணையிடமிருந்து காக்க அவர் வீட்டில் ஓர் அறையை அரசுத் திட்டத்தின் கீழேயே பலப்படுத்திப் பாதுகாப்பு அறையாக்கியிருந்தார்கள். அந்த அறைக்கும் வெட்டு. 2019 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கை பலப்படுத்திக் கொடுத்த அறைக்கு இன்னொரு கை பணம் பிடுங்கியதைத் தவறு என்று சொல்ல ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது.

இனி கவுன்சில் பக்கம். ஹவுசிங் பெனிபிட் மத்திய அரசின் பணம்; அதைக் கணக்குப் பார்த்து வழங்குவது கவுன்சில். ஆகவே வெட்டை அமல்படுத்த வேண்டியதும் கவுன்சில்தான். கடிதம் அனுப்புவது, அறையை எண்ணுவது, கோபத்தோடு வருபவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் கவுன்சில் கவுண்டரில். அறையை எண்ணுவதுகூட லேசாக இல்லை, ஏனென்றால் படுக்கையறை என்றால் என்ன என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை. 2013 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் ஒரு தீர்ப்பாய நீதிபதி, அறை மிகச் சின்னது, இதைப் படுக்கையறை என்று எண்ண முடியாது என்று குடியிருப்பவர்கள் பக்கம் நின்றார். லீட்ஸ் கவுன்சிலும், லிவர்பூலுக்குப் பக்கத்து நோஸ்லியின் வீட்டுவசதிச் சங்கமும் நூற்றுக்கணக்கான வீடுகளின் அறைகளை 'படுக்கையறை அல்ல' என்று மறுவகைப்படுத்தின. அப்புறம் 2014 ஜனவரியில் இன்னொரு கூத்து. 1996-க்கு முன்பிருந்தே ஒரே வீட்டில் தொடர்ந்து உதவி பெற்றுவருபவர்கள் பழைய விதியின்படி இந்த வெட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதை அமைச்சகம் அப்போதுதான் கண்டுபிடித்தது. மார்ச்சில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க பழைய கோப்புகளைத் தோண்டும் வேலையும் கவுன்சிலுக்கே வந்தது.

வெட்டின் வலியைத் தணிக்கக் கவுன்சில்களிடம் ஒரு சிறு நிதி கொடுக்கப்பட்டது: விருப்புரிமை வீட்டு உதவி. 2010-11-இல் ஆண்டுக்கு 2 கோடி பவுண்டாக இருந்தது, 2013-14-இல் 18 கோடியாக உயர்ந்தது. அதாவது ஒரு பக்கம் வெட்டி, வெட்டியதில் ஒரு பங்கை மறுபடி கவுன்சில் வழியாகக் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் போக்கில் முடிவு செய்தது. சில மாதங்களுக்கு மட்டும், மறுபடி மறுபடி விண்ணப்பித்தால் மட்டும், அதுவும் நிதி தீராமல் இருந்தால் மட்டும். சில கவுன்சில்கள் நிதியைச் செலவழிக்காமல் திருப்பிக் கொடுத்தன. சில இடங்களில் ஆண்டு முடியும் முன்பே தீர்ந்தது. பராமரிப்புக்காகக் கொடுக்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையையும் வருமானமாக எண்ணி விண்ணப்பங்களைத் தட்டிக்கழித்த சாண்ட்வெல் கவுன்சிலின் வழக்கத்தை 2015-இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது.

ஸ்காட்லாந்து மட்டும் இந்தக் குழப்பத்தை ஒரே வீச்சில் முடித்தது. எடின்பரோ அரசுக்கு அப்போது விதியை மாற்ற அதிகாரம் இல்லை. ஆனால் இந்த விருப்புரிமை நிதியில் தன் பணத்தைச் சேர்க்கலாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது; லண்டனோடு பேசி 2014-இல் அதை நீக்க வைத்தார்கள். அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்டில் பெட்ரூம் டாக்ஸ் வெட்டு முழுவதையும் ஈடுகட்டினார்கள். வட அயர்லாந்தில் 2017-இல்தான் விதி வந்தது. அங்கும் ஈட்டுத் தொகை கொடுத்துச் செயலிழக்கச் செய்தார்கள். ஆக, ஒரே நாட்டின் ஒரே விதி, எல்லைக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தின் கார்லைலில் வாரம் 14 பவுண்டு, அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு இன்னும் சில அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதே 2013 ஏப்ரல் 1-இல் கவுன்சில் வரிக்கான (வீடுகளுக்குக் கவுன்சில் வசூலிக்கும் வரி) தள்ளுபடித் திட்டமும் 10 விழுக்காடு குறைவான நிதியோடு கவுன்சில்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. முதியவர்களைத் தொடக்கூடாது என்று நிபந்தனை. எனவே பல ஊர்களில், அதுவரை கவுன்சில் வரியே கட்டாத உழைக்கும் வயது ஏழைகள் ஒரு பங்கைக் கட்ட வேண்டி வந்தது. பெட்ரூம் டாக்ஸில் மாட்டியவர்களில் பலரும் அவர்கள்தான். ஒரே வீட்டுக்கு ஒரே கவுன்சிலிலிருந்து வாடகை நிலுவைக்கு ஒரு கடிதம், வரி நிலுவைக்கு இன்னொரு கடிதம்.

அடுத்தது யுனிவர்சல் கிரெடிட், அதாவது பல உதவிகளை ஒன்றாகச் சேர்த்த புதிய திட்டம். பழைய முறையில் கவுன்சில் வீட்டில் இருப்பவரின் ஹவுசிங் பெனிபிட் நேராக வாடகைக் கணக்குக்குப் போய்விடும். புதிய முறையில் வாடகைப் பங்கும் மற்ற உதவிகளோடு சேர்ந்து மாதத்துக்கு ஒரு முறை குடியிருப்பவர் கைக்கே வரும். அவர் கட்ட வேண்டும். சம்பளக்காரர்கள்போல மாதக் கணக்கில் குடும்பம் நடத்தப் பழகட்டும் என்பது எண்ணம். எண்ணம் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பணம் வர ஆறு வாரம் காக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2018 பிப்ரவரியில்தான் அது ஐந்து வாரமானது. கையில் சேமிப்பு இல்லாத குடும்பம் அந்த ஐந்தாறு வாரத்தில் முதலில் நிறுத்துவது வாடகையைத்தான், ஏனென்றால் கடைக்காரர் காத்திருக்க மாட்டார், கவுன்சில் காத்திருக்கும். 2012-இலேயே ஆக்ஸ்போர்டு, சதர்க், வேக்ஃபீல்டு உள்ளிட்ட ஆறு இடங்களில் நேரடிப் பணமுறையைச் சோதித்துப் பார்த்தபோதே வசூல் குறைந்தது, அதிலும் முதல் சில மாதங்களில் மோசமாகக் குறைந்தது. தெரிந்தே இறங்கினார்கள். கடும் நிலுவையில் இருப்பவரின் வாடகையை நேராக வீட்டு உரிமையாளருக்கே அனுப்பும் வழி பிறகு விரிவாக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் யார் கேட்டாலும் அப்படி அனுப்புகிறார்கள்.

வாடகை வசூல் குறைந்தால் என்ன, கவுன்சில் பெரிய அமைப்புதானே என்று தோன்றலாம். 2012 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கும் கவுன்சில்கள் தங்கள் வாடகை வருமானத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதிலேயே பழைய வீட்டுக் கடனை அடைத்து, பழுது பார்த்து, புது வீடும் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முப்பது ஆண்டு வாடகை இப்படி வரும் என்று கணக்குப் போட்டுக் கடனை ஏற்றார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2016 ஏப்ரல் முதல், சமூக வாடகையை ஆண்டுக்கு 1 விழுக்காடு வீதம் நான்கு ஆண்டுக்குக் குறைக்கும்படி அதே அரசு உத்தரவிட்டது. வாடகை குறைந்தால் ஹவுசிங் பெனிபிட் செலவும் குறையும் என்ற கணக்கு. குடியிருப்பவருக்கு இது நல்லதுதானே என்றால், சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டியவருக்கு ஆம். முழு உதவி பெற்றவருக்கு ஒரு பென்ஸும் மாறவில்லை. கவுன்சிலுக்கோ முப்பதாண்டுத் திட்டமே ஆடிப்போனது. இதனால் 2020-க்குள் 14,000 மலிவு வீடுகள் குறைவாகக் கட்டப்படும் என்று பட்ஜெட் பொறுப்புக்கான அலுவலகமே மதிப்பிட்டது. சின்ன வீடு இல்லாததால்தான் யாராலும் மாற முடியவில்லை என்று மேலே பார்த்தோம். இப்போது சின்ன வீடு கட்டும் பணத்திலும் கை வைத்தாயிற்று.

லண்டனில் பெட்ரூம் டாக்ஸைவிடக் கடுமையாக விழுந்தது இன்னொரு வெட்டு: மொத்த உதவிக்கான உச்சவரம்பு. 2013-இல் ஒரு குடும்பம் எல்லா உதவியும் சேர்த்து வாரம் 500 பவுண்டுக்கு மேல் பெறக்கூடாது என்றார்கள். முதலில் ஹாரிங்கே, என்ஃபீல்டு, க்ராய்டன், ப்ராம்லி என்ற நான்கு லண்டன் பகுதிகளில் தொடங்கினார்கள். 2016 நவம்பரில் ஆண்டுக்கு 26,000 என்றிருந்த வரம்பு லண்டனில் 23,000 ஆகவும் மற்ற இடங்களில் 20,000 ஆகவும் இறங்கியது. வரம்பைத் தாண்டும் தொகை முதலில் கழிக்கப்படுவது ஹவுசிங் பெனிபிட்டில்தான். பெரிய குடும்பங்களுக்கு அதில் வாரம் 50 பென்ஸ் மட்டும் மிஞ்சிய நிகழ்வுகளும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் ஐந்து பிள்ளைகளோடு வாடகை கட்ட முடியாமல் வீடிழந்த ஒரு தாய்க்கு, அந்தக் கவுன்சில் மில்டன் கீன்ஸ் பக்கம் ப்ளெட்ச்லியில் வீடு காட்டியது. அவர் மறுத்தார், கவுன்சில் தன் கடமை முடிந்தது என்றது. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் நலனையும் அருகிலேயே இடம் கிடைக்குமா என்பதையும் சரியாகப் பார்க்காமல் கைகழுவ முடியாது என்று கவுன்சிலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி. ஆனால் உதவி வரம்புக்குள் லண்டனில் ஐந்து பிள்ளைக்கு வீடு எங்கே என்ற கேள்விக்கு நீதிமன்றத்திடமும் விடை இல்லை.

எல்லா வாய்க்காலும் கடைசியில் வந்து சேருமிடம் தற்காலிகத் தங்குமிடம். வீடிழந்து வரும் குழந்தையுள்ள குடும்பத்தைக் கவுன்சில் திருப்பி அனுப்ப முடியாது. தங்க இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சொந்த வீடு கையிருப்பில் இல்லை. அதனால் தனியாரிடம் இரவுக் கணக்கில் அறையோ ஃபிளாட்டோ எடுக்கிறார்கள். கவுன்சில் அந்தக் குடும்பத்துக்கு ஹவுசிங் பெனிபிட் வழங்கும். பிறகு மத்திய அரசிடம் திரும்பக் கேட்கும். மத்திய அரசு கொடுப்பது எவ்வளவு தெரியுமா? 2011 ஜனவரியில் அந்தப் பகுதியின் தனியார் வாடகைக்கு நிர்ணயித்த உதவி விகிதத்தில் 90 விழுக்காடு. 2011 என்பது அச்சுப்பிழை இல்லை. உதாரணமாக, அந்தப் பழைய விகிதம் வாரம் 200 பவுண்டு என்றால் கவுன்சிலுக்குத் திரும்ப வருவது 180. தனியார் உரிமையாளர் இன்று 400 கேட்டால் 220 பவுண்டு கவுன்சிலின் பொதுக் கணக்கில் விழும். நூலகமும் தெருவிளக்கும் முதியோர் பராமரிப்பும் நடப்பது அந்தப் பொதுக் கணக்கில்தான். அதற்கு வரும் மத்திய மானியமோ 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது.

தனியார் வீட்டுக்குக் குடும்பங்களை மாற்றி இந்தச் செலவைக் குறைக்கலாமா என்றால் அங்கேயும் கதவு சாத்தியிருக்கிறது. தனியார் வாடகைக்கான உதவி விகிதத்தை 2011-இல் உள்ளூர் வாடகைகளின் நடுமட்டத்திலிருந்து கீழ்மட்ட 30 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். 2016-இலிருந்து நான்கு ஆண்டு அப்படியே உறையவைத்தார்கள். 2020-இல் கோவிட் வந்தபோது உயர்த்தினார்கள், உடனே மறுபடி உறைவு. 2024 ஏப்ரலில் மறுபடி உயர்வு, மறுபடி உறைவு. வாடகை மட்டும் உறையவில்லை. எனவே கவுன்சில் அதிகாரி தொலைபேசியில் கூப்பிடும் வீட்டு உரிமையாளர், உதவித்தொகை விகிதத்துக்குக் கொடுக்க மாட்டேன், இரவுக் கணக்குக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறார். ஒரே வீடு, ஒரே குடும்பம். வாடகை உதவி என்று கொடுத்தால் குறைவு, வீடற்றோர் செலவு என்று கொடுத்தால் இரட்டிப்பு.

2010 கடைசியில் இங்கிலாந்தில் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 48,000. 2025 மார்ச் கடைசியில் 1,31,000-ஐத் தாண்டியது. குழந்தைகள் மட்டும் 1,69,000. 2023-24-இல் கவுன்சில்கள் இதற்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.3 பில்லியன் பவுண்டு. இது முழுக்கப் பெட்ரூம் டாக்ஸின் விளைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டுப் பற்றாக்குறை, தனியார் வாடகை ஏற்றம், தனியார் உரிமையாளர்கள் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ அரை பில்லியன் மிச்சம் பிடிக்கப் போட்ட அந்த விதியை இந்த 2.3 பில்லியனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஈஸ்ட் ஹாமில் உறவினர் இருக்கும் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சிலில்தான் மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் தற்காலிகத் தங்குமிடங்களில் இருப்போர் இங்கிலாந்திலேயே அதிகம். அந்தச் செலவைச் சமாளிக்க மத்திய அரசிடம் சிறப்பு நிதி அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு அது வந்தது. கடற்கரை ஊர்களான ஹேஸ்டிங்ஸும் ஈஸ்ட்போர்னும் இதே காரணத்தால் திவால் விளிம்பைப் பற்றிப் பேசின.

அரசியல்? 2013-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எட் மிலிபாண்ட், ஆட்சிக்கு வந்தால் பெட்ரூம் டாக்ஸை ஒழிப்பேன் என்றார். 2014 செப்டம்பரில் லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஆண்ட்ரூ ஜார்ஜ் கொண்டுவந்த தனிநபர் மசோதா இதைத் தளர்த்த 306-க்கு 231 என்ற வாக்கில் ஒரு கட்டம் தாண்டியது. அப்புறம் கிடப்பில் போனது. 2024-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பெட்ரூம் டாக்ஸ் அப்படியே இருக்கிறது. 2025 ஜூனில் அந்த அரசு பத்தாண்டில் 39 பில்லியன் பவுண்டுக்குச் சமூக, மலிவு வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. அதில் 60 விழுக்காடாவது சமூக வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. 1980-க்குப் பிறகு திசை மாறியதற்கு ஓர் அறிகுறி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த வீடுகள் எழும்பி வரும்வரை கவுன்சில்கள் இரவுக் கணக்கில்தான் அறை எடுக்க வேண்டும். அதற்கு மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும் விகிதத்தை இன்றைய வாடகைக்கு ஏற்ப உயர்த்துங்கள் என்று உள்ளாட்சிச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகின்றன. 2025-இலும் கணக்குப் போட்டது 2011 ஜனவரி விகிதத்தில்தான்.